வந்து போன மூவரும் இருந்த மூவரும்: யார்ட்பேர்ட்ஸ், 1963–1968

1965 பிப்ரவரி. லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில் உள்ள ஐ.பி.சி. ஒலிப்பதிவுக் கூடம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை வாசிக்கும் குழு என்று பெயர் எடுத்த யார்ட்பேர்ட்ஸ் குழுவின் ஐந்து இளைஞர்கள், பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் கொண்ட ஒரு சிங்கிள் இசைத்தட்டுக்காக வந்திருக்கிறார்கள். ஆனால் கூடத்தின் நடுநாயகமாக இருப்பது மின்கிதார் அல்ல. பியானோவுக்கு முந்தைய காலத்து விசைக்கருவியான ஹார்ப்சிகார்ட். அதை வாசிக்க வெளியிலிருந்து பிரையன் ஆகரை அழைத்திருக்கிறார்கள். போங்கோ தட்டவும் வெளியாள்தான். பாட்டின் பெரும்பகுதியில் கிதாருக்கு வேலையே இல்லை. நடுவில் தாளம் மாறி வேகம் பிடிக்கும் சிறிய இடத்தில் மட்டும் இரண்டு கிதார்கள் உள்ளே வருகின்றன. அது முடிந்ததும் மௌனமாகிவிடுகின்றன.

அந்த இரண்டு கிதார்களில் ஒன்று எரிக் கிளாப்டன் கையில் இருந்தது. இன்னொன்று கிறிஸ் ட்ரெஜா கையில். இருவருக்கும் அப்போது வயது 19. பாட்டின் பெயர் ‘ஃபார் யுவர் லவ்’. விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் மூன்றாம் இடத்தையும் அமெரிக்காவில் ஆறாம் இடத்தையும் அது எட்டியது. தட்டு வெளியான மார்ச் மாதத்திலேயே கிளாப்டன் குழுவைவிட்டுப் போய்விட்டார். ட்ரெஜா போகவில்லை.

கிளாப்டன் போனதை ராக் இசை வரலாறு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறது. அவர் இடத்துக்கு ஜெஃப் பெக் வந்ததையும், பிறகு ஜிம்மி பேஜ் வந்ததையும் சொல்லிச் சொல்லித் தேய்த்திருக்கிறது. ஐந்தே ஆண்டு வாழ்ந்த ஒரு குழுவில், கிதாரின் போக்கையே மாற்றிய மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்று வாசித்தார்கள் என்பது வியப்புதான். ஆனால் அதைத் தற்செயல் என்றோ அதிர்ஷ்டம் என்றோ சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. அந்த மூவரும் நின்று வாசித்த இடத்தை யார் உண்டாக்கினார்கள்? அந்த இடம் ஏன் மூவரையும் இழுத்தது, ஏன் ஒருவரையும் தக்கவைத்துக்கொள்ளவில்லை? யார்ட்பேர்ட்ஸ் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால், போனவர்களைவிட இருந்தவர்கள் மேல்தான் வெளிச்சம் விழுகிறது. பாடகர் கீத் ரெல்ஃப், டிரம்ஸ் வாசித்த ஜிம் மெக்கார்ட்டி, ரிதம் கிதார் வாசித்த ட்ரெஜா ஆகிய மூவரும் தொடக்கம் முதல் கடைசி நாள்வரை இருந்தவர்கள்.

தென்மேற்கு லண்டனின் ஓரம்

குழு 1963இல் லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், ரிச்மண்ட், கிங்ஸ்டன், சர்பிட்டன் பக்கத்து இளைஞர்களால் உருவானது. ட்ரெஜாவும் முதல் முன்னணி கிதார் கலைஞரான டாப் டோபமும் சர்பிட்டனில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். கிளாப்டனும் அந்தப் பள்ளியில் படித்து, பிறகு கிங்ஸ்டன் கலைக்கல்லூரிக்குப் போனவர். பெக் வளர்ந்தது வாலிங்டனில், பேஜ் எப்சமில். எல்லாம் சர்ரே பகுதி ஊர்கள். பதின்வயதிலேயே பெக்கும் பேஜும் பெக்கின் அக்கா மூலம் அறிமுகமாகி, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கிதாரோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே மூன்று நட்சத்திரங்கள் மூன்று திசைகளிலிருந்து வந்து ஒரு குழுவில் விழவில்லை. ஒரே வட்டாரத்துப் பையன்கள், ஒரே அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேடி அலைந்தவர்கள், ஒரே கிளப்புகளில் நின்று கேட்டவர்கள்.

அவர்களுக்கு ப்ளூஸ் என்பது கடல் கடந்து வந்த கறுப்பு வினைல் தட்டு. பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்று, மூன்றே சுரக்கூட்டுகள், மீண்டும் முதலிலிருந்து. சட்டகம் இவ்வளவு சிறியதாக இருப்பதால் வாசிப்பவரின் கைவிரல்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியிலும் சிகாகோவிலும் கறுப்பின மக்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து பிழிந்தெடுத்த இசையை, இங்கிலாந்தின் புறநகர்ப் பையன்கள் பக்திக்கு நிகரான ஈடுபாட்டோடு தட்டில் கேட்டுப் படியெடுத்தார்கள்.

குழு தொடங்கியபோது டோபமுக்கு 16 வயதுகூட ஆகவில்லை. குழு முழுநேரத் தொழிலாக மாறுவதை வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. 1963 அக்டோபரில் அந்த இடத்துக்கு 18 வயது கிளாப்டன் வந்தார்.

அதே பருவத்தில்தான் ரிச்மண்டில் ஜார்ஜியோ கோமெல்ஸ்கி நடத்திய கிராடாடி கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்துவந்த வாராந்தர இடம் காலியாகி, யார்ட்பேர்ட்ஸ் கைக்கு வந்தது. கோமெல்ஸ்கியே மேலாளரும் ஆனார். ஸ்டோன்ஸ் விட்டுப்போன மேடையில் ஏறுவது சாதாரணச் சுமை அல்ல. வந்திருக்கும் கூட்டம் ஏற்கெனவே சூடு கண்ட கூட்டம். சட்டகத்துக்குள் ஒழுங்காக வாசித்துவிட்டு இறங்கினால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். இந்த நெருக்கடியிலிருந்துதான் அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு பிறந்தது.

ரேவ்-அப்

பாட்டின் நடுவில் சொற்கள் நின்றுவிடும். ரெல்ஃப் மவுத் ஆர்கனை வாயில் வைப்பார். பால் சாம்வெல்-ஸ்மித்தின் பேஸ் கிதார் கீழே நின்று அடித்தளம் போடுவதை விட்டுவிட்டு, படிப்படியாக மேல்தந்திகளை நோக்கி ஏறத் தொடங்கும். மெக்கார்ட்டி தாளத்தை இரட்டிப்பார். ட்ரெஜாவின் வலக்கை ஒரே சுரக்கூட்டைச் சலிக்காமல், வேகம் குறையாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் ஏறும், ஏறும், இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் சட்டென்று அடங்கி, குரல் திரும்ப வரும். இதைத்தான் ‘ரேவ்-அப்’ என்றார்கள். மூன்று நிமிடப் பாட்டு மேடையில் பல மடங்கு நீண்டது.

1964 மார்ச்சில் லண்டன் மார்க்கீ கிளப்பில் நேரடியாகப் பதிவாகி, அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்’ தொகுப்பில் இதைக் கேட்கலாம். பதிவு தெளிவாக இல்லை. குரல் சில இடங்களில் அமுங்குகிறது. நான் இதைக் கேட்கும்போது முன்னணி கிதாரை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, பேஸையும் ரிதம் கிதாரையும் மட்டும் பின்தொடர்ந்து பார்ப்பேன். அப்போது ஒன்று புலப்படும்: கிளாப்டன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், திரும்பி வந்தால் தரை அங்கேயே இருக்கும். முன்னணி கிதாருக்கு இவ்வளவு அகலமான களத்தை அன்றைய பிரிட்டனில் வேறெந்தக் குழுவும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஸ்டோன்ஸில் பாடகருக்கும், பீட்டில்ஸில் பாட்டுக்கும் இருந்த முதலிடம் இங்கே இடைவெளிக்கு இருந்தது. அந்த இடைவெளியை ஒருவர் நிரப்பியாக வேண்டும். யாரை அங்கே நிறுத்தினாலும் அவர் வளர்ந்தே தீர வேண்டிய அமைப்பு அது.

கிளாப்டன் வளர்ந்தார். எளிதில் வளையட்டும் என்று மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொள்வார். இழுத்து வாசிக்கும்போது அவை அடிக்கடி அறுந்துவிடும். மேடையிலேயே நின்று புதுத்தந்தி மாற்றுவார். அதுவரை கூட்டம் மெதுவாகக் கைதட்டிக்கொண்டே காத்திருக்கும். அந்த மெதுவான கைதட்டலை வைத்து கோமெல்ஸ்கி சூட்டிய ‘ஸ்லோஹேண்ட்’ என்ற பட்டப்பெயர் இன்றுவரை அவரோடு இருக்கிறது.

1963 டிசம்பரில் மூத்த ப்ளூஸ் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சனுக்குப் பின்வாத்தியம் வாசிக்கும் வாய்ப்பு கிராடாடியிலேயே வந்தது. அந்தப் பதிவு 1966இல்தான் வெளியானது. அதில் இந்த ஐவரும் அடக்கி வாசிக்கிறார்கள். பெரியவர் ஊதும்போது கிதார் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. படியெடுப்பதற்கும் உடனிருந்து வாசிப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த மேடையில் அவர்கள் அளந்திருப்பார்கள் என்றே அந்தப் பதிவைக் கேட்கும்போது தோன்றுகிறது.

முதல் பிரிவு

மேடையில் இருந்த பெயர் கடையில் இல்லை. முதல் இரண்டு சிங்கிள் தட்டுகளும் பெரிதாக எழும்பவில்லை. இந்த நிலையில் மான்செஸ்டர் பக்கத்தைச் சேர்ந்த, பகலில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு பாட்டெழுதிய 18 வயது கிரஹாம் கௌல்ட்மனின் பாட்டு குழுவின் கைக்கு வந்தது. பதிவின் பொறுப்பை சாம்வெல்-ஸ்மித் ஏற்றார். ஹார்ப்சிகார்ட் யோசனை அங்கேதான் நடந்தேறியது.

கிளாப்டன் ப்ளூஸைக் கைவிடத் தயாராக இல்லை. கொள்கைக்காக வெற்றியை உதறிய வீரர் என்று அவரை ஒரு தரப்பும், பாட்டு மாறுவதைப் பொறுக்காத பிடிவாதக்காரர் என்று இன்னொரு தரப்பும் எழுதிவிட்டன. என் கணிப்பில் இரு பக்கமும் சரியாகவே நடந்துகொண்டன. கிளாப்டன் அடுத்த மாதமே ஜான் மயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸில் சேர்ந்தார். 1966 ஜூலையில் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பில் லெஸ் பால் கிதாரும் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து தந்த அடர்ந்த ஒலி, அதற்குப் பிறகு வந்த ராக் கிதாருக்கே இலக்கணமாயிற்று. யார்ட்பேர்ட்ஸில் இருந்திருந்தால் அது நடந்திராது. ஆனால் அந்தப் பாட்டை வெளியிடாமல் இருந்திருந்தால் யார்ட்பேர்ட்ஸ் இன்னொரு கிளப் குழுவாகவே கரைந்துபோயிருக்கும். அதே கூடத்தில், கிளாப்டனைப் போலவே பாட்டின் பெரும்பகுதிக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்த ட்ரெஜா, தன் கருவிக்கு வேலை இல்லாத பாட்டையும் தன் குழுவின் பாட்டாக ஏற்றுக்கொண்டார். இந்தப் பொறுமைக்கு யாரும் பட்டப்பெயர் சூட்டவில்லை.

காலி இடத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் பேஜ். ஒலிப்பதிவுக் கூடங்களில் அன்றாடம் வேலை, நல்ல வருமானம், ஊர் ஊராகச் சுற்றினால் உடம்பு தாங்குமா என்ற கவலை, கிளாப்டனோடு உள்ள நட்பு, அவர் மறுத்துவிட்டார். தன் பழைய நண்பர் பெக்கைக் கைகாட்டினார். அந்த நன்றிக்குப் பெக் பிறகு ஒரு 1959ஆம் ஆண்டு டெலிகாஸ்டர் கிதாரைப் பேஜுக்குப் பரிசளித்தார். அந்தக் கிதார் இந்தக் கதையின் கடைசியில் திரும்ப வரும்.

சிதார் வந்த நாள்

பெக் வந்து சேர்ந்தபின் குழு பதிவு செய்த அடுத்த சிங்கிள், அதே கௌல்ட்மன் எழுதிய ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’. பாட்டின் தொடக்கத்திலேயே ஒரு சிறு வாத்திய வரி வருகிறது. பாட்டு முழுவதும் அதுதான் முதுகெலும்பு. அந்த வரியைச் சிதாரில் வாசித்தால் என்ன என்று யோசனை எழுந்தது. சிதார், தபலா வாசிக்கும் இந்தியக் கலைஞர்களைக் கூடத்துக்கு அழைத்தார்கள். பீட்டில்ஸ் பாட்டில் சிதார் ஒலித்த தட்டு கடைக்கு வந்தது 1965 டிசம்பரில். இது அதற்குப் பல மாதம் முந்தைய சங்கதி.

சிதார் பதிவு எடுபடவில்லை. அந்த வடிவம் பின்னாளில் தொகுப்புகளில் வெளியாகியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் காரணம் விளங்கும். டிரம்ஸும் பேஸும் முட்டி மோதிக்கொண்டு வரும் ராக் பதிவில் சிதார் மெலிந்துபோய், தூரத்தில் ஒலிப்பதுபோல் இருக்கிறது. குறை அந்தக் கருவியிலோ வாசித்தவரிலோ இல்லை. அமைதியான சபையில் தம்பூராவின் துணையோடு விரியும் கருவியை இரைச்சலுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது பெக் தன் கிதாரை எடுத்தார். அந்த வரியை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டி வழியாக வாசித்தார். தட்டில் இருப்பது அதுதான்.

இங்கே சற்று நின்று அந்த ஒலியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் சிதாரின் குதிரை அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கும். அதிரும் தந்தி அந்தப் பரப்பை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசலில்தான் மூலச் சுரத்தோடு மேல்சுரங்கள் சிதறி எழுந்து, ரீங்காரம் பிறக்கிறது. நம் தம்பூராவின் குதிரையில் தந்திக்கடியில் ஒரு நூலைச் செருகி, நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பார்களே, அதே காரியம். நூல் சரியான இடத்தில் இல்லாவிட்டால் தம்பூரா வெறும் தந்தியாக ஒலிக்கும். சரியான இடத்துக்கு வந்ததும் உயிர் வந்துவிடும். ஃபஸ் பெட்டி செய்வதும் மேல்சுரங்களைப் பெருக்குவதுதான், ஆனால் மின்சார வழியில். கிதாரிலிருந்து வரும் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. வட்டமாக இருந்த அலை சதுரத்தை நோக்கிப் போகும்போது, மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. ஒலியும் எளிதில் அணையாமல் நீண்டு நிற்கிறது. அதன்மேல் பெக் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை அதன் இடத்திலிருந்து லேசாக நழுவவிட்டார். ரீங்காரமும் வந்தது, அசைவும் வந்தது, இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வரும் வலுவும் கூடவே வந்தது.

அவர் கையில் இருந்தது 1954ஆம் ஆண்டின் ஃபெண்டர் எஸ்குவயர், வாக்கர் பிரதர்ஸ் குழுவின் ஜான் மௌஸிடமிருந்து வாங்கியது. மௌஸ் அதன் உடலை உடம்புக்கு இசைவாகத் தானே இழைத்து வைத்திருந்தார். வண்ணம் போய் மரம் தெரியும் இடங்களோடு, அடிபட்ட தோற்றத்தில் இருந்த பழைய கிதார். இன்னொரு கருவியின் குரலைத் தேடிப் போனதில், மின்கிதாருக்கு அதுவரை இல்லாத ஒரு குரல் அதிலிருந்து கிடைத்தது. யார்ட்பேர்ட்ஸ் வரலாற்றில் ஒரே ஒரு நாளுக்குப் போய்வர முடியும் என்றால் நான் அந்தக் கூடத்துக்குத்தான் போவேன். வாசித்த இந்தியக் கலைஞர்கள் கருவிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவர்கள் கொண்டுவந்த ஓர் ஓசை இன்னொருவர் கையில் தங்கிவிட்டது.

தட்டு 1965 ஜூனில் வந்தது. பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஒன்பதாம் இடம்.

அந்த இலையுதிர்காலத்தில் முதல் அமெரிக்கப் பயணம். மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் கூடத்திலும் சிகாகோவில் செஸ் நிறுவனத்தின் கூடத்திலும் பதிவு செய்தார்கள். செஸ் கூடம் இவர்களுக்கு மூலஸ்தானம் மாதிரி. தட்டில் கேட்டு வளர்ந்த பெயர்கள் பாடிய இடம். போ டிட்லி 1955இல் சிகாகோவில் பதிவு செய்த ‘ஐ’ம் எ மேன்’ பாட்டை அவர்கள் தங்கள் ரேவ்-அப் வேகத்தில் வாசித்தார்கள். டிசம்பரில் மறுபடியும் அதே கூடத்துக்குப் போனபோது தொடங்கியது ‘ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்’. அணிவகுப்பு நடையில் ஒரு டிரம்ஸ், போரைப் பற்றி ஐயத்தோடு கேட்கும் வரிகள், நடுவில் பெக்கின் கிதார். ஆம்ப்ளிஃபையரின் ஒலியே திரும்பி வந்து தந்தியை அதிரவைத்து, விரல் மீட்டாமலே சுரம் நீளும் ஃபீட்பேக்கை அடக்கி ஆண்டு வாசித்திருக்கிறார். ப்ளூஸின் சொந்த வீட்டில் உட்கார்ந்து ப்ளூஸ் அல்லாத ஒன்றைச் செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் ப்ளூஸுக்குச் செய்த உண்மையான மரியாதை அதுதான், படியெடுப்பதை நிறுத்தினார்கள்.

இத்தனைக்கும் பெக் இருந்தது சுமார் 20 மாதம். குழுவின் பெரிய வெற்றிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை.

இருவர் சேர்ந்த சில வாரங்கள்

1966 ஏப்ரலில் கோமெல்ஸ்கி போய், சைமன் நேப்பியர்-பெல் மேலாளர் ஆனார். ஜூலையில் பிரிட்டனில் அவர்களுடைய ஒரே ஸ்டுடியோ தொகுப்பு வெளிவந்தது. அதன் அட்டையில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ரோஜர் கேமரனை ட்ரெஜா கோட்டுச் சித்திரமாக வரைந்திருந்தார். அதனால் தொகுப்புக்கே ‘ரோஜர் தி எஞ்சினியர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே சாம்வெல்-ஸ்மித் விலகினார். ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரி விழா. ரெல்ஃப் மிதமிஞ்சிய போதையில் மேடையில் தள்ளாட, இனி முடியாது என்று சாம்வெல்-ஸ்மித் முடிவு செய்தார். பேஜ் அன்று பார்வையாளராக வந்திருந்தார். பேஸ் வாசிக்க நான் வருகிறேன் என்றார். ஓராண்டுக்கு முன் முன்னணி கிதாரே வேண்டாம் என்றவர், கூடத்து வேலையில் சலித்துப்போய், தன் கருவியல்லாத கருவியை ஏந்திக்கொண்டு வந்தார். சாம்வெல்-ஸ்மித் பிறகு தயாரிப்பாளராகி, கேட் ஸ்டீவன்ஸின் புகழ்பெற்ற தொகுப்புகளை உருவாக்கினார். காதுதான் அவருடைய பெரிய கருவி என்பது யார்ட்பேர்ட்ஸ் பதிவுகளிலேயே தெரியும்.

ஆகஸ்டில் அமெரிக்கப் பயணத்தின் நடுவே பெக் உடல்நலம் குன்றியபோது பேஜ் முன்னணி கிதாருக்கு மாறினார். பேஸ் யார் வாசிப்பது? ட்ரெஜா தன் கிதாரைக் கீழே வைத்துவிட்டு பேஸை எடுத்துக்கொண்டார். பெக் திரும்பி வந்த பிறகும் அந்த ஏற்பாடே நிலைத்தது. பெக்கும் பேஜும் இரட்டை முன்னணி கிதார். ராக் வரலாற்றில் பெரும் ஏக்கத்தோடு பேசப்படும் இந்த அணி அமைந்தது, ஒருவர் தன் இடத்தைக் காலி செய்து கொடுத்ததால். இதை அந்த ஏக்கத்தோடு பேசுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இருவரும் சேர்ந்து வாசித்த பதிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘ஹேப்பனிங்ஸ் டென் இயர்ஸ் டைம் அகோ’ அவற்றில் முதன்மையானது. சைரன்போல் ஊளையிடும் கிதார்கள், வெடிச்சத்தம், ஒன்றோடொன்று மோதும் வரிகள். அதன் பேஸை வாசித்தவர், பின்னாளில் பேஜோடு லெட் செப்பெலின் குழுவில் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 43ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இன்னொன்று அன்டோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படத்தில் வரும் காட்சி. இயக்குநர் விருப்பத்துக்காகப் பெக் அதில் ஒரு கிதாரை உடைத்து நொறுக்குகிறார். பக்கத்தில் பேஜ் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்.

அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் டிக் கிளார்க்கின் கேரவன் பயணம் தொடங்கியது. பல குழுக்களை ஒரே பஸ்ஸில் ஏற்றி, நாளுக்கு ஓர் ஊர் வீதம், மேடைக்குச் சில பாட்டுகள் மட்டும் கொடுத்து ஓட்டும் பயணம் அது. நீண்டு விரிவதையே உயிராகக் கொண்ட குழுவுக்கு அது கொட்டடி. பெக் டெக்சஸில் ஓரிரு நிகழ்ச்சிகளோடு வெளியேறினார். நவம்பர் முடிவில் பிரிவு அறிவிக்கப்பட்டது. அவருடைய கோபத்தையும் நம்பமுடியாத போக்கையும் காரணமாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் மிச்சமிருந்த நால்வரும் அந்த பஸ்ஸிலேயே பயணத்தை முடித்துக் கொடுத்தார்கள். ரெல்ஃப் ஆஸ்துமாக்காரர் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் அந்தப் பயணத்தின் கொடுமை புரியும்.

நால்வர்

1967இல் பதிவுகளின் பொறுப்பு மிக்கி மோஸ்டிடம் போனது. அவர் வெற்றிப்பாட்டுத் தயாரிப்பாளர். சிங்கிள்தான் முக்கியம், தொகுப்பு என்பது மிச்சம் மீதியை நிரப்பும் பை என்ற நோக்கு. ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் வெளியான ‘லிட்டில் கேம்ஸ்’ அப்படித்தான் அவசரத்தில் உருவானது. அங்கே 80ஆம் இடத்தோடு நின்றது. அதற்குள்ளும் பேஜ் வயலின் வில்லால் கிதார்த் தந்தியை இழுத்து வாசித்த பகுதிகள் இருக்கின்றன. தபலா துணையோடு அவர் தனித்து வாசித்த ‘வைட் சம்மர்’ இருக்கிறது. விதைகள் தெரிகின்றன, முளைக்கவிடவில்லை.

மேடையில் வேறு கதை. பீட்டர் கிராண்ட் நிர்வாகத்தில் அமெரிக்கப் பெரிய அரங்குகளில் நீண்ட நேரம் வாசித்தார்கள். ரேவ்-அப் இப்போது இருண்டு, கனத்து, மெதுவாகியிருந்தது. 1967 ஆகஸ்டில் நியூயார்க்கில் இவர்களுக்கு முன் வாசித்த ஜேக் ஹோம்ஸின் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ பாட்டைக் கேட்டுத் தங்கள் மேடைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதே பாட்டு, பேஜ் அடுத்து அமைத்த லெட் செப்பெலின் குழுவின் முதல் தொகுப்பில் பேஜ் பெயரில் மட்டும் வந்தது. ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்து, அது சமரசத்தில் முடிந்து, அதற்குப் பிறகே அவர் பெயர் குறிப்பில் ஏறியது. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இந்த இசையை உயிராக நேசிக்கிறவனாக இருந்தாலும் இதை நான் மென்று விழுங்கத் தயாராக இல்லை. பிறருடைய இசையைக் கேட்டு வளர்வது வேறு, பெயரை எடுத்துவிட்டு வாசிப்பது வேறு. பிரிட்டிஷ் ப்ளூஸ் அலையின் மேல் இந்தக் கறை பல இடங்களில் இருக்கிறது.

ரெல்ஃபும் மெக்கார்ட்டியும் இதற்குள் இரைச்சலில் களைத்துவிட்டார்கள். நாட்டார் இசையின் சாயலோடு மென்மையான ஒன்றைச் செய்ய விரும்பினார்கள். 1968 ஜூலை 7, லூட்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி நிகழ்ச்சி. லண்டனின் பெரிய அரங்கு எதுவும் அல்ல, ஒரு கல்லூரி. இருவரும் பிறகு ரெனசான்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். ரெல்ஃப் 1976 மே மாதத்தில், வீட்டில் சரியாக எர்த் செய்யப்படாத மின்கிதாரைக் கையாண்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். வயது 33.

ஒத்துக்கொண்ட ஸ்காண்டிநேவியப் பயணம் மட்டும் பாக்கி இருந்தது. பேஜும் ட்ரெஜாவும் ஆள் தேடினார்கள். டெர்ரி ரீட் மறுத்து, ராபர்ட் பிளான்ட்டைச் சொன்னார். பிளான்ட் ஜான் போனமைச் சொன்னார். ட்ரெஜா விலகியதும் பேஸுக்கு ஜான் பால் ஜோன்ஸ் வந்தார். 1968 செப்டம்பர் 7 அன்று டென்மார்க்கின் கிளாட்சாக்ஸேயில் இந்த நால்வரும் யார்ட்பேர்ட்ஸ் என்ற பெயரிலேயே மேடையேறினார்கள்.

திரும்பி வந்து ஒலிம்பிக் கூடத்தில் சுமார் 36 மணி நேரத்தில் முதல் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். மோஸ்டிடம் பட்டது போதும் என்பதுபோல் செலவைப் பேஜே ஏற்று, தயாரிப்பையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அதில் அவர் வாசித்தது பெக் பரிசளித்த அந்த டெலிகாஸ்டரை; 1967இல் அதன்மேல் ஒரு டிராகனைத் தன் கையாலேயே தீட்டியிருந்தார். நாட்டியம்போல் ஏறி இறங்கும் இரைச்சலும் மௌனமும், பாடகரும் கிதாரும் மாறி மாறிக் கேட்டுச் சொல்லும் நீண்ட இடைவெளிகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. கிராடாடியில் பிறந்த ரேவ்-அப்பின் பேரப்பிள்ளைகள் அவை. ஐந்தாண்டு மேடைகளில் ரெல்ஃபும் மெக்கார்ட்டியும் ட்ரெஜாவும் தாங்கிப் பிடித்த அந்தக் களத்தில்தான் பேஜ் இதைப் பயின்றார்.

பெயர் விஷயத்தில் ட்ரெஜா விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்காண்டிநேவியப் பயணத்துக்கு மட்டுமே அந்தப் பெயர், அதற்கு மேல் கூடாது என்று சட்டக் கடிதம் அனுப்பினார். அக்டோபரிலிருந்து புதுக்குழு லெட் செப்பெலின் ஆனது.

ட்ரெஜா கிதாரை வைத்துவிட்டு கேமராவை எடுத்தார். புகைப்படக் கலைஞராகவே தொழிலை மாற்றிக்கொண்டார். 1969 ஜனவரியில் வெளியான லெட் செப்பெலினின் முதல் தொகுப்பைத் திருப்பிப் பின்னட்டையைப் பாருங்கள். நான்கு இளைஞர்கள் நேரே பார்த்துக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதை எடுத்தவர் கிறிஸ் ட்ரெஜா.